பிள்ளைக்கு ஐஸ் ஹாக்கி: முதலில் ஸ்கேட், பிறகு மட்டை

ஐஸ் ஹாக்கி ஆசை வந்த பிள்ளைக்கு உடனே மட்டை வாங்கிக் கொடுக்காதீர்கள். நிற்கவே பழகாத பிள்ளை அதை ஊன்றுகோலாக்கிவிடும். முதுகு வளையும், பாரம் முழுக்கக் கைக்குப் போகும். சறுக்கவும் நிறுத்தவும் வந்த பிறகுதான் மட்டை.

4 வயதில் தாராளமாகத் தொடங்கலாம். 3 வயதிலும் சில பிள்ளைகள் நிற்கும், ஆனால் 20 நிமிடத்துக்கு மேல் பொறுமை இருக்காது. கோலாலம்பூரைச் சுற்றி சன்வே பிரமிட்டிலும், புத்ராஜெயா பக்கம் ஐஓஐ சிட்டி மாலிலும் பனித்தளம் உண்டு. சனி, ஞாயிறு மாலையும் பள்ளி விடுமுறையும் வேண்டாம். பெரிய பிள்ளைகள் வெட்டி வெட்டி ஓடும் கூட்டத்தில் சின்னது மிரண்டுவிடும்.

உடுப்பு

ஜீன்ஸ் நனைந்தால் விறைத்துக் காலைப் பிடிக்கும். டிராக் பேண்ட்டும் ஒரு ஸ்வெட்டரும் போதும். கையுறை குளிருக்கு மட்டுமல்ல, விழுந்த கை மற்றவர் பிளேடில் படாமலிருக்கவும்தான். ஹெல்மெட் கட்டாயம். முகக்கூண்டு உள்ள ஹாக்கி ஹெல்மெட் நல்லது. கிடைக்காவிட்டால் முதல் சில நாளுக்கு சைக்கிள் ஹெல்மெட். புருவத்துக்கு மேல் ஓரிரு விரல் இடைவெளி இருக்கட்டும். கொலுசை வீட்டிலேயே கழற்றிவிடுங்கள். அதன்மேல் ஸ்கேட்டை இறுக்கினால் கணுக்காலில் பதிந்து தோல் உரியும்.

ஸ்கேட் கட்டும் விதம்

முதல் நாள் அழுகைக்குப் பெரும்பாலும் காரணம் காலணிதான். தடித்த காலுறை இரண்டு மாட்டி, அதற்கேற்ற பெரிய அளவை எடுப்பார்கள். உள்ளே கால் ஆடும், பிளேடு சொன்னபடி கேட்காது. மெல்லிய நீளக் காலுறை ஒன்றே போதும். நேராக நிற்கும்போது விரல்நுனி முன்பக்கத்தை இலேசாகத் தொட வேண்டும். முட்டியை மடக்கினால் விலக வேண்டும். குதிகால் தூக்கினால் ஓர் அளவு சிறியதைக் கேளுங்கள்.

நாடா விரல் பக்கம் தளர்வாகவும், பாதம் கணுக்காலோடு வளையும் இடத்தில் நல்ல இறுக்கமாகவும் இருக்கட்டும். மேல்துளைப் பக்கம் நாடாவுக்கு அடியில் உங்கள் விரல் ஒன்று நுழைய வேண்டும். கணுக்கால் உள்பக்கம் சாய்கிறதா? பிள்ளைக்குப் பலம் போதவில்லை என்று முடிவுகட்ட வேண்டாம். நாடா தளர்ந்திருக்கும், அல்லது வாடகைக் காலணி நைந்திருக்கும். தள்ளும்போது கால் பக்கவாட்டில் வழுக்கினால் பிளேடு மழுங்கியிருக்கும். தயங்காமல் மாற்றிக் கேளுங்கள். இரட்டைப் பிளேடு ஸ்கேட் வேண்டவே வேண்டாம். பிளேடின் ஓரத்தில் சாய்ந்து நிற்பதை அது கற்றுத்தராது.

பனியில் படிப்படியாக

1. விழுவது. இதை வெளியே ரப்பர் விரிப்பிலேயே பழக்குங்கள். முட்டியை மடக்கி, பக்கவாட்டில், இடுப்பில் விழ வேண்டும். விரல்களை மூடிக்கொள்ள வேண்டும். எழ, முதலில் மண்டியிட்டு, ஒரு காலை முன்னே ஊன்றி, இரு கைகளையும் அந்த முட்டியில் வைத்து உந்த வேண்டும்.

2. வாத்து நடை. குதிகால்கள் சேர்ந்து, பாதங்கள் வெளிப்பக்கம் திரும்பிச் சின்னச் சின்ன அடி. பாதத்தைக் குனிந்து பார்க்க விடாதீர்கள். பயத்தில் பின்னால் சாய்கிற பிள்ளை பின்மண்டை அடிபட விழும். "முட்டியைத் தொடு" என்றால் பாரம் தானாக முன்னே வரும்.

3. மூன்று அடி நடந்து, இரு காலையும் சேர்த்துச் சறுக்குவது.

4. எலுமிச்சை வடிவம். குதிகால் சேர்த்துத் தொடங்கி, கால்களை அகல விட்டு, முன்விரல்களை உள்ளே திருப்பிச் சேர்ப்பது. தூக்காமலே நகரலாம் என்று கால் புரிந்துகொள்ளும் இடம் இது.

5. நிறுத்துவது. முட்டி மடங்க, முன்விரல்கள் உள்ளே, குதிகால்கள் வெளியே தள்ள வேண்டும். பிளேடு பனியைச் சுரண்டித் தூளாக்கினால் சரி. முட்டி விறைத்திருந்தால் சுரண்டாது, கால்கள் ஒன்றையொன்று முட்டும். சுவரைப் பிடித்து நின்றபடி ஒரு காலால் சுரண்டிப் பழகட்டும்.

கையை மேலே தூக்கிப் பிடித்து இழுத்துச் செல்லாதீர்கள். பிள்ளை தொங்குமே தவிர நிற்காது. சறுக்கத் தெரிந்தவர் எதிரே நின்று இடுப்பு உயரத்தில் கை கொடுக்கலாம். தெரியாத அப்பா வெளியே நிற்பதே பாதுகாப்பு. தள்ளிச் செல்லும் பென்குயின் பொம்மையும் 10 நிமிடத்துக்கு மேல் வேண்டாம்.

மட்டை எடுக்கும் நாள்

திடல் ஹாக்கி ஆடிய அப்பாக்களுக்கு ஒரு வார்த்தை: அங்கே மட்டை ஒரே பக்கத்துக்குத்தான். இங்கே இடது, வலது என இரண்டு வளைவு உண்டு, அலகின் (மட்டையின் தட்டையான கீழ்ப்பகுதி) இரு முகத்தாலும் ஆடலாம். எந்தப் பக்கம் என்று சொல்லாமல் தரையில் வைத்து எடுக்கச் சொல்லுங்கள். மேலே பலமான கை வருவது நல்லது, அதனால் வலக்கைப் பிள்ளைக்கு இடது மட்டை (இடக்கை கீழே பிடிப்பது) அமைவது சாதாரணம். வெறுங்காலில் நின்றால் மூக்குவரை, ஸ்கேட்டோடு நின்றால் முகவாய்வரை உயரம். பந்துக்குப் பதில் அடிக்கும் ரப்பர் வட்டுதான் பக். சாதாரணப் பக் சுமார் 170 கிராம். சிறுவருக்கு 113 கிராம் நீலப் பக் உண்டு. கனத்ததைக் கொடுத்தால் மணிக்கட்டு மறந்து தோளால் தள்ளுவார்கள்.

காப்பு உடைகளை ஒரேயடியாக வாங்க வேண்டாம். வகுப்பில் இரவல் உண்டா என்று கேளுங்கள். அணியும்போது இடுப்புக்காப்பு, முழங்கால் காப்பு, கால்சட்டை, ஸ்கேட் எனக் கீழிருந்து மேலே வாருங்கள், கையுறை கடைசி. தோள்காப்பு மாட்டிய பிறகு குனிந்து நாடா கட்ட முடியாது.

நம் ஊர் ஈரப்பதத்தில் பிளேடு சீக்கிரம் துருப்பிடிக்கும். துடைத்துத் துணியுறை போடுங்கள். பிளாஸ்டிக் உறை நடப்பதற்கு மட்டும். வீட்டுக்கு வந்ததும் ஸ்கேட்டுக்குள் பாதத்தின் அடியில் இருக்கும் உள்தகட்டை உருவி, எல்லாவற்றையும் மின்விசிறிக்கு நேரே விரியுங்கள். காரின் பின்பெட்டியில் ஓர் இரவு கிடந்தால் நாற்றம் லேசில் போகாது.