கம்பளிக்குச் சாயமேற்றிக் கொக்கிக் கம்பள முகாமுக்குத் தயாராகும் முறை

சணல் துணி அல்லது தளர்ந்த நெசவுள்ள பருத்தித் துணியின் இழை இடைவெளிகள் வழியாகக் கம்பளிப் பட்டைகளைக் கொக்கியால் மேலே இழுத்து, நெருக்கமான வளையங்களாக நிற்கவைத்துச் செய்வதே கொக்கிக் கம்பளம். இதற்கான பயிற்சி முகாமுக்குச் செல்பவர்கள் சாயவேலையை முழுவதும் வீட்டிலேயே முடித்துவிட வேண்டும். பட்டை வெட்டும் வேலையைப் பெரும்பாலும் முகாமுக்கென விட்டுவைக்க வேண்டும். பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். முழுத் துணியாக இருக்கும் கம்பளியை வேறு அகலத்தில் வெட்டலாம், மீண்டும் சாயத்தில் தோய்க்கலாம், உடன் கற்பவரிடம் கொடுத்து வேறொன்று வாங்கவும் செய்யலாம். பட்டையாகிவிட்டால் இவற்றில் எதுவும் எளிதில்லை.

முதலில் அளவைக் கணக்கிடுங்கள். ஒரு பகுதியை வளையங்களால் நிரப்ப, அதன் பரப்பைப் போல நான்கு முதல் ஐந்து மடங்கு கம்பளி தேவைப்படும். நெருக்கமாகவும் உயரமாகவும் இழுப்பவர்களுக்கு அதற்கு மேலும் ஆகும். 60 செ.மீ. அகலமும் 90 செ.மீ. நீளமும் உள்ள விரிப்பில் பாதிக்குச் சற்று மேலாக, அதாவது 3,240 சதுர செ.மீ. அளவுக்குப் பின்னணி இருக்கிறது என்று கொள்வோம். ஐந்து மடங்கு எனில் 16,200 சதுர செ.மீ.; 140 செ.மீ. அகலத் துணியில் ஏறத்தாழ 1.2 மீட்டர். துவைத்துச் சுருங்கிய பிறகு அளந்த நீளத்தையே இந்தக் கணக்குக்குக் கொள்ள வேண்டும். பின்னணி நிறத்தில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது. அதே பொடியை அதே அளவில் கரைத்தாலும் இரண்டாம் முறை ஏறும் நிறம் முதல் முறையோடு இம்மியும் பிசகாமல் ஒத்துப்போவது அரிது. பரந்த பின்னணியில் அந்த வேறுபாடு கோடு போட்டதுபோல் தெரியும்.

துணி முழுக்கக் கம்பளியாக இருக்க வேண்டும். ஐயம் இருந்தால் ஓர் இழையை உருவி, நெருப்பில் காட்டிப் பாருங்கள்: கம்பளி தலைமுடி கருகும் நாற்றத்துடன் எரிந்து, நெருப்பை விலக்கியதும் தானே அணைந்து, விரலால் நசுக்கினால் பொடியாகும் சாம்பலை விடும், செயற்கை இழை உருகிக் கெட்டியான மணியாகிவிடும். பிறகு துணியை வெந்நீரில் துவைத்துச் சூட்டில் உலர்த்துங்கள். நெசவு சற்று இறுகினால்தான் வெட்டிய பட்டை நூல் பிரியாமல் நிற்கும். ஆனால் இறுக்கம் அளவு மீறினால் துணி தடித்துப்போய்க் கொக்கிக்கு இழுபடாது. தூய வெள்ளையை மட்டுமே தேடி அலைய வேண்டியதில்லை. வெளிர் சாம்பல், மணல் நிறம், மங்கிய கட்டம் போட்ட துணி ஆகியவற்றின் மேல் ஏறும் சாயத்துக்கு வெள்ளையில் கிடைக்காத ஆழம் உண்டு என்பது என் கருத்து.

கம்பளி புரத இழை என்பதால் அமிலச் சாயங்கள், அதாவது அமிலம் சேர்த்தால் இழையைப் பற்றும் சாயங்கள், அதற்கு மிகவும் பொருந்தும். சாயத்துக்கென எவர்சில்வர் அல்லது எனாமல் பாத்திரம் ஒன்றைத் தனியாக ஒதுக்குங்கள். அதை மீண்டும் சமையலுக்கு எடுக்கக் கூடாது. பொடியைக் கையாளும்போது முகக்கவசமும் கையுறையும் அவசியம். ஒவ்வொரு முறையும் பொடியை அள்ளுவதைவிட, 1 கிராம் பொடியை வெந்நீரில் கரைத்து 100 மில்லி கரைசலாக வைத்துக்கொள்வது பாதுகாப்பானது, துல்லியமானதும்கூட. 100 கிராம் உலர்ந்த கம்பளிக்கு இந்தக் கரைசலில் 100 மில்லி சேர்த்தால் பெரும்பாலான நிறங்களில் நடுத்தர அடர்த்தி கிடைக்கும்.

கம்பளியை ஒரு சொட்டுப் பாத்திர சோப்பு கலந்த வெதுவெதுப்பான நீரில் அரை மணி நேரமாவது, முடிந்தால் இரவு முழுவதும், ஊறவையுங்கள். இழையின் உட்பகுதி நனையாமல் இருந்தால் சாயம் அங்கங்கே திட்டாக நிற்கும். துணி தாராளமாக மிதக்கும் அளவு நீரில் சாயக் கரைசலைக் கலந்து, ஊறிய துணியை இட்டு, மெல்லச் சூடேற்ற வேண்டும். சீரான நிறம் வேண்டுமெனில் அமிலத்தைச் சற்றுத் தாமதித்துச் சேர்த்து, துணியை அவ்வப்போது மெதுவாகப் புரட்டுங்கள். அமிலம் சேர்ந்ததும் சாயம் வேகமாக இழையைப் பற்றிக்கொள்ளும். அரைக் கிலோ கம்பளிக்கு ஒரு மேசைக்கரண்டி சிட்ரிக் அமிலம் அல்லது அரைக் கோப்பை வெள்ளை வினிகர் போதுமானது. சேர்க்கும்போது துணியை ஒதுக்கிவிட்டு நீரில் மட்டும் ஊற்றுங்கள். தளதளவெனக் கொதிக்கவிடாமல், 85 முதல் 95 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் அரை மணி முதல் முக்கால் மணி வரை வைத்திருந்தால், சாயம் முழுவதும் துணிக்குப் போய் நீர் தெளிந்துவிடும். தெளியாவிட்டால் இன்னும் சிறிது அமிலமும் நேரமும் கொடுங்கள். பாத்திரத்திலேயே ஆறவிட்டு, துணியின் சூட்டுக்கு நெருங்கிய சூடுள்ள நீரில் அலச வேண்டும். திடீர் வெப்ப மாற்றமும் கசக்கலும் சேர்ந்தால் கம்பளி மேலும் இறுகிவிடும்.

பூவிதழ், இலை போன்ற நிழல் விழும் உருவங்களுக்கு ஒரே நிறத்தின் பல அடர்த்திகள் தேவை. தலா 20 கிராம் உள்ள ஆறு துண்டுகளைத் தனித்தனிக் கண்ணாடிக் குடுவைகளில் இட்டு, கரைசலை 32, 16, 8, 4, 2, 1 மில்லி எனப் பாதி பாதியாகக் குறைத்து ஊற்றி, வெப்பம் தாங்கும் அக்குடுவைகளை நீருள்ள பெரிய பாத்திரத்தில் நிறுத்திச் சூடேற்றினால் போதும். வானத்துக்கும் மண்ணுக்கும் பழைய சுவருக்கும் இவ்வளவு ஒழுங்கு வேண்டாம். அகலத் தட்டில் ஈரத் துணியைச் சுருக்கங்கள் விழ மடித்து வைத்து, இரண்டு மூன்று நிறங்களை அங்கங்கே ஊற்றி வேகவைத்தால் கிடைக்கும் ஒழுங்கின்மையே அழகு.

ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு சிறு துண்டைக் குறிப்பேட்டில் ஒட்டி, துணியின் எடை, கரைசல் அளவு, அமிலம், நேரம் ஆகியவற்றை எழுதிவையுங்கள். உலர்ந்த துணிகளைப் பகல் வெளிச்சத்திலும் மின்விளக்கிலும் அடுக்கிப் பார்க்க வேண்டும். அவற்றைக் கறுப்பு வெள்ளையில் புகைப்படம் எடுத்தால், கண்ணுக்கு மாறுபட்டுத் தெரிந்த இரண்டு நிறங்கள் ஒரே அடர்த்தியில் இருப்பது வெளிப்பட்டுவிடும்.

கம்பளிப் பட்டைகளை இழுக்கப்போகும் அடித்துணியில், வரையும் படத்தின் நான்கு புறமும் குறைந்தது 10 செ.மீ. விளிம்பு விட்டு, ஓரத்தை ஜிக்ஜாக் தையலால் அடைத்துவிடுங்கள். எல்லைக்கோடுகள் துணியின் இழையோடு ஒட்டிச் செல்ல வேண்டும். கோடு சாய்ந்தால் முடிந்த விரிப்பும் சாய்ந்தே கிடக்கும். வரைவதற்கு நீரில் கரையாத மையையே பயன்படுத்துங்கள்.

முகாமுக்கு முன் உள்ளங்கை அளவுக்கு மட்டும் பட்டை வெட்டி, சில வரிசைகள் இழுத்துப் பாருங்கள். வெட்டும் கருவியின் எண், 8 வரை, பட்டையின் அகலம் அங்குலத்தின் 32இல் எத்தனை பங்கு என்பதைக் குறிப்பது; 3ஆம் எண் நுண்ணிய நிழலுக்கு, கால் அங்குலம் வரும் 8ஆம் எண் தடித்த பாணிக்கு. ஆசிரியர் எந்த அகலத்தைக் கற்பிக்கிறார் என்று முன்பே கேட்டுவிடுங்கள். கம்பளியை நேர் இழையில் கிழித்த பிறகே வெட்ட வேண்டும், இல்லையெனில் பட்டை இழுக்கும்போதே பிய்ந்துவிடும்.

பையில் கொக்கி, அடித்துணியைப் பற்களால் பற்றி இழுத்துப் பிடிக்கும் சட்டம், வளைந்த பிடியுள்ள கத்தரிக்கோல், மேசை விளக்கு, மின் நீட்டிப்புக் கம்பி, குறிப்பேடு ஆகியவை இருக்கட்டும். எல்லாவற்றிலும் உங்கள் பெயரை எழுதிவிடுங்கள். சட்டத்தின் பல் வரிசைகளைத் தடித்த துணியால் மூடாவிட்டால் கையையும் பக்கத்தில் வைத்த கம்பளியையும் கீறிவிடும். நிறவாரியாகத் தனித்தனிப் பையில் கட்டும் கம்பளியோடு, திட்டத்தில் இல்லாத இரண்டு மூன்று நிறங்களையும் எடுத்துச் செல்லுங்கள். ஆசிரியர் முதல் நாளே திட்டத்தை மாற்றச் சொல்வது வழக்கம்தான்.