கருப்புப் பூனையைக் கருப்பாகவே படம் எடுக்க

கேமராவின் ஒளி அளக்கும் மீட்டருக்கு எல்லாமே நடுத்தரச் சாம்பல்தான். ஃப்ரேம் முழுக்கக் கருப்புப் பூனை இருந்தால், இருட்டு என்று நினைத்து வெளிச்சத்தைக் கூட்டிவிடும். ரோமம் சாம்பல் பூத்துப் போகும். பின்னால் வெள்ளைச் சுவர் இருந்தால் நேர்மாறு: இரண்டு கண் மட்டும் மிஞ்சும்.

1. நேர்வெயில் விழாத ஜன்னலிலிருந்து மூன்றடி தள்ளி, ஒளி பக்கவாட்டில் படும்படி பூனையை உட்கார வையுங்கள். ரோமத்தின் மினுமினுப்பு பக்க ஒளியில்தான் தெரியும். ஒளியைத் திருப்பிவிட எதிர்ப்பக்கம் ஒரு தெர்மாகோல் அட்டை போதும். மடக்கு ரிஃப்ளெக்டர் வேண்டாம். அது 'படார்' என்று விரிவதற்குள் பூனை கட்டிலுக்கு அடியில் இருக்கும். விரிப்பு கடுகு மஞ்சளோ சாம்பலோ இருக்கட்டும்.

2. ஷட்டர் பிரையாரிட்டி (ஷட்டர் வேகத்தை நீங்களே வைக்கும் முறை) 1/200 நொடி, ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) ஆட்டோ, எக்ஸ்போஷர் காம்பென்சேஷன் (மீட்டர் கணித்த வெளிச்சத்தைக் கூட்டிக் குறைப்பது) −0.7. ஹிஸ்டோகிராம் (இருட்டை இடதிலும் வெளிச்சத்தை வலதிலும் காட்டும் வரைபடம்) இடது ஓரத்தில் முட்டி நின்றால் −0.3. RAW (சுருக்காத மூலக் கோப்பு) வடிவில் எடுங்கள். ஃப்ளாஷ் கூடாது, கண் பச்சையாக எரியும்.

3. பலரும் சறுக்குவது ஃபோகஸில். ஆட்டோஃபோகஸுக்கு ஒளி-இருள் வேறுபாடு வேண்டும். கருப்பு ரோமத்தில் அது கிடைக்காமல் லென்ஸ் முன்னும் பின்னும் அலையும். ஒற்றைப் புள்ளியைத் தேர்ந்து, உங்களுக்கு அருகிலுள்ள கண்ணின் விளிம்பில் வையுங்கள். போனில் உடம்பைத் தொட்டால் படம் முழுக்க வெளுக்கும். கண்ணைத் தொட்டு, பக்கத்தில் வரும் சூரியக் குறியைக் கொஞ்சம் கீழே இழுங்கள். நைட் மோடு வேண்டவே வேண்டாம். பூனை காதை அசைத்தாலே குழம்பிவிடும்.

4. நிறம் சரியாகப் பதிய, அதே ஒளியில் ஒரு கிரே கார்டைப் (நடுநிலைச் சாம்பல் அட்டை) படமெடுத்து ஒயிட் பேலன்ஸை (ஒளியின் நிறச்சாயலைச் சரிசெய்யும் அமைப்பு) அதில் பொருத்துங்கள். ஏ4 தாளை நம்பாதீர்கள், அதில் வெளுப்பூட்டி கலந்திருப்பதால் நிறம் தவறும். இதைச் செய்யாமல் 'பூனை பழுப்பாகிறது' என்று முடிவு கட்டக் கூடாது. உண்மையான பழுப்புக்கு வெயில் காரணமாகலாம். உணவில் டைரோசின் என்ற அமினோ அமிலம் குறைந்தாலும் அப்படி ஆகும். குட்டிகளின் உடம்பில் மங்கலான வரிகள் தெரிந்தால் அது மறைந்திருக்கும் டேபி (வரிப்பூனை) வரி. அதைப் படம்பிடிக்க மட்டும் சாய்ந்த காலை வெயில் தேவை. ரோமத்தை விலக்கினால் அடி வெள்ளையாக இருக்கிறதா? அது ஸ்மோக் வகை. விலக்கிய இடத்தை அருகில் ஒரு படம் எடுத்து வையுங்கள்.

5. எடிட்டிங்கில் ஷேடோஸை (நிழல் பகுதிகளின் வெளிச்சம்) +20க்கு மேல் ஏற்றுவதில் லாபமில்லை, புள்ளி புள்ளியாக நாய்ஸ் கிளம்பும். பிளாக்ஸைச் (மிக இருண்ட பகுதிகள்) சற்று இறக்கினால் கருப்பு திரும்பி வரும்.

பிற்சேர்க்கை: படத்தில் வெள்ளைப் புள்ளிகள் வருகின்றன என்றால் அது சென்சார் அழுக்கு அல்ல, பெரும்பாலும் பொடுகும் தூசியும்தான். எடுக்கும் முன் ஈரத்துணியால் ரோமம் படிந்த திசையில் துடைத்து, காய்ந்த பிறகு ஆரம்பியுங்கள்.