பிடித்த பத்து, கவனிக்கப்படாத ஐந்து: உங்கள் சொந்தப் படப்பட்டியலைத் தயாரிக்கும் முறை

“உனக்குப் பிடித்த படம் எது?” என்று யாராவது கேட்டால் பெரும்பாலானோர் கடைசியாகப் பார்த்த படத்தையோ, எல்லோரும் சொல்லும் படத்தையோதான் சொல்கிறோம். “ஆட்கள் கவனிக்காமல் விட்ட நல்ல படம் எது?” என்று கேட்டால் நிலைமை இன்னும் மோசம். எல்லோரும் புகழும் ஒரு படத்தையே அந்தக் கணக்கிலும் சேர்த்துவிடுகிறோம். இவை இரண்டும் வேறு வேறு கேள்விகள். முதலாவதற்கு உங்கள் மனம் மட்டும் சாட்சி சொன்னால் போதும். இரண்டாவதற்கு ஆதாரம் வேண்டும்: யார் கவனிக்கவில்லை, எப்போது, ஏன்.

பிடித்த பத்து, கவனிக்கப்படாத ஐந்து என்று ஒரு பட்டியல் தயாரிக்கத் திரைப்பட விமர்சகராக வேண்டிய அவசியம் இல்லை. வாரத்துக்கு ஒரு படம் பார்க்கும் சாதாரண ரசிகர் நான்கு மாதங்களில் செய்து முடிக்கக்கூடிய வேலை இது.

தேவையானவை

எண்பது பக்கக் கொப்பி ஒன்று, பேனை, மணிக்கூடு. பட்டியலை போனில் எழுதாதீர்கள். போனைக் கையில் எடுத்தவுடன் ‘சிறந்த 50 படங்கள்’ என்று தேடத் தோன்றும். பிறகு கொப்பியில் இருப்பது உங்கள் நினைவாக இருக்காது.

படி 1: நினைவிலிருந்து முப்பது பெயர்கள்

இருபது நிமிடம் ஒதுக்குங்கள். மனதில் வரும் படங்களின் பெயர்களை ஒழுங்கு பார்க்காமல் எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் எங்கே பார்த்தீர்கள் என்றும் குறியுங்கள்: வெள்ளவத்தை சவோய், தெஹிவளை கொன்கோர்ட், வீட்டு ரி.வி, காலி வீதியில் 100 ஆம் இலக்க பஸ்ஸில் போனில். இந்தக் குறிப்பு பின்னால் மிகவும் உதவும். நிரம்பிய படமாளிகையில் விசில் சத்தத்தோடு பார்த்த படமும், பஸ்ஸில் பாதி காதால் கேட்ட படமும் ஒரே நியாயத்தோடு பார்க்கப்பட்டவை அல்ல. பலருக்கு ‘பிடிக்காமல் போன’ படங்கள் உண்மையில் சரியாகப் பார்க்கப்படாத படங்கள்.

முப்பது வரவில்லை என்றால் இருபதோடு நிறுத்தலாம். நாற்பதைத் தாண்டினால் நீங்கள் நினைவிலிருந்து எழுதவில்லை.

படி 2: ஒரு காட்சிச் சோதனை

ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ஒரு காட்சியை ஒரே வரியில் எழுதுங்கள். மூன்று விதிகள்: பாட்டுக் காட்சியாக இருக்கக்கூடாது, கடைசிக் காட்சியாக இருக்கக்கூடாது, வட்ஸ்அப்பில் ஸ்டிக்கராகச் சுற்றும் காட்சியாக இருக்கக்கூடாது. எழுத முடியாத படங்களை நீக்குங்கள். அவற்றில் உங்களுக்குப் பிடித்தது பாட்டாக இருக்கலாம், கதாநாயகனாக இருக்கலாம், அந்த வயதாக இருக்கலாம். அதில் தவறில்லை, ஆனால் படம் பிடித்தது என்று ஆகாது. வழமையாக முப்பதில் பன்னிரண்டு, பதினைந்துதான் மிஞ்சும்.

மிஞ்சியவற்றில் ஒரே இயக்குநரின் படங்கள் இரண்டுக்கு மேல் வேண்டாம், ஒரே நடிகரின் படங்கள் மூன்றுக்கு மேல் வேண்டாம். இது கொஞ்சம் கடுமையான விதி என்பது தெரியும். ஆனாலும் இதைத் தளர்த்தினால் பட்டியல் ஒரு நட்சத்திரத்தின் ரசிகர் மன்றமாகிவிடும். எஞ்சுவதில் பத்தைத் தெரிந்தெடுத்தால் பிடித்தவை முடிந்தன.

படி 3: ‘கவனிக்கப்படாதது’ எது என்று தீர்மானித்தல்

இங்கேதான் நேரம் செலவழிக்க வேண்டும்.

தொடக்கநிலையாளர்கள் அதிகம் செய்யும் தவறு, ஒருகாலத்தில் ஓடாத படத்தை இன்றும் கவனிக்கப்படாத படம் என்று எழுதுவது. ‘அன்பே சிவம்’ 2003 இல் வெளியானபோது வசூலில் தோற்றது உண்மை. ஆனால் அதன் பிறகு தொலைக்காட்சியிலும் இணையத்திலும் அதைப் பாராட்டாத ஆளே இல்லை. இன்று அதை இந்தப் பட்டியலில் போடுவது பொருந்தாது. பிடித்திருந்தால் பிடித்த பத்தில் சேருங்கள்.

உண்மையிலேயே கவனம் கிடைக்காத படங்கள், கொழும்பில் இருந்து பார்க்கும் தமிழ் ரசிகரின் பக்கத்தில் நின்று சொன்னால், மூன்று விதமாக வரும்.

முதலாவது, விருது கிடைத்து பார்வையாளர் கிடைக்காதவை. பி.எஸ். வினோத்ராஜின் ‘கூழாங்கல்’ 2021 இல் ரொட்டர்டாம் திரைப்பட விழாவில் டைகர் விருது பெற்றது. ஒன்றேகால் மணி நேரப் படம். உங்கள் வீட்டில் எத்தனை பேர் பார்த்திருக்கிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள்.

இரண்டாவது, மொழி காரணமாக நாம் தாண்டிப்போனவை. இது கொழும்புக்கே உரிய இழப்பு. தினமும் சிங்களம் கதைக்கிறோம், சிங்களப் படம் பார்ப்பதில்லை. பிரசன்ன விதானகேயின் ‘புரஹந்த களுவர’ (1997) படத்தில், போரில் இறந்த மகனின் உடல் என்று சீல் வைத்த பெட்டி ஒன்று கிராமத்துக்கு வருகிறது. பார்வையற்ற தகப்பன் அதை நம்ப மறுக்கிறார். ஜோ அபேவிக்ரம அந்தத் தகப்பனாக நடித்திருக்கிறார். 2000 இல் அரசு இதன் திரையிடலைத் தடுத்தது; 2001 இல் உயர் நீதிமன்றம் திரையிட வழிவிட்டது. போரின் மறுபக்கத்தில் ஒரு வீடு எப்படி இருந்தது என்பதை இவ்வளவு அமைதியாகச் சொன்ன படத்தை நம் ஆட்கள் கட்டாயம் பார்க்க வேண்டும்.

மூன்றாவது, இங்கேயே எடுக்கப்பட்ட தமிழ்ப் படங்கள். 1962 இல் ‘சமுதாயம்’ வந்த காலத்திலிருந்து இலங்கையில் தமிழ்ப் படங்கள் எடுக்கப்பட்டு வருகின்றன. தர்மசேன பத்திராஜ என்ற சிங்கள இயக்குநர் யாழ்ப்பாணத்தில் வைத்து எடுத்த ‘பொன்மணி’, சாதியையும் சீதனத்தையும் நேராகப் பார்த்த படம். 1983 ஜூலையில் ஹெந்தளையில் இருந்த விஜயா ஸ்டூடியோ எரிந்தபோது படச்சுருள்களும் அழிந்தன. அதனால் இந்த வகையில் சில படங்கள் பார்க்கவே கிடைக்காது. பார்க்காத படத்தைப் பற்றிக் கருத்து எழுத வேண்டாம். கொப்பியின் கடைசிப் பக்கத்தில் ‘தேட வேண்டியவை’ என்று தனியாகக் குறியுங்கள். விவரம் தேடுவோர் தம்பிஐயா தேவதாஸ் எழுதிய ‘இலங்கைத் தமிழ்ச் சினிமாவின் கதை’ நூலைப் பற்றி வெள்ளவத்தை கொழும்புத் தமிழ்ச் சங்க நூலகத்தில் விசாரிக்கலாம்.

ஒரு படம் கவனிக்கப்படாதது என்று முடிவெடுக்க முன் இரண்டு சோதனைகள் செய்யுங்கள். வெவ்வேறு வயதில் ஐந்து பேரிடம் கேளுங்கள். மூன்று பேர் பார்த்திருந்தால் அது வேண்டாம். அடுத்து, ரசிகர்கள் படங்களுக்குப் புள்ளி போடும் ஐ.எம்.டி.பி. இணையத்தளத்தில் அந்தப் படத்தின் பக்கத்தில் புள்ளியைப் பார்க்காமல் எத்தனை பேர் வாக்களித்தார்கள் என்று பாருங்கள். இருநூறு பேர் போட்ட 9 என்பது படக்குழுவின் நண்பர்கள் போட்டதாகவும் இருக்கலாம். ஐம்பதாயிரம் பேர் வாக்களித்த படம் எவ்வளவு புள்ளி வாங்கினாலும் கவனிக்கப்படாத படம் இல்லை.

படி 4: சரியாக மறுபடி பார்த்தல்

பிடித்த பத்து, கவனிக்கப்படாத ஐந்து, ஆகப் பதினைந்து படங்களையும் மறுபடி பார்க்க வேண்டும். வாரத்துக்கு ஒன்று போதும். பார்க்கும் பிரதியிலும் ரி.வியிலும் உள்ள கோளாறு படத்தின் கோளாறாகத் தோன்றக்கூடும். எனவே தொடங்க முன் நான்கு விடயங்களைச் சரிபாருங்கள்.

நீளம்: படத்தின் உண்மையான நீளத்தைத் தேடி, யூரியூப் பிரதியின் நீளத்தோடு ஒப்பிடுங்கள். 150 நிமிடப் படம் 144 நிமிடம் காட்டினால் பயப்பட வேண்டாம். திரையில் விநாடிக்கு 24 சட்டகங்களாக (தனித்தனி நிலைப்படங்களாக) ஓடும் படத்தைப் பழைய டி.வி.டிகளில் 25 ஆக ஓட்டுவதால் நூற்றுக்கு நான்கு பங்கு சுருங்கும், குரலின் சுருதியும் சற்றே கூடும். 130 நிமிடம்தான் இருக்கிறது என்றால் வெட்டியிருக்கிறார்கள். வேறு பிரதி தேடுங்கள். ‘கதை திடீரென்று தாவுகிறது’ என்று குறை சொல்லப்படும் பல பழைய படங்களில் தாவியது கதை அல்ல, பதிவேற்றியவரின் கத்தரி.

அகலம்: 1950கள், 60களின் தமிழ், சிங்களப் படங்கள் பெரும்பாலும் ஏறத்தாழ சதுரமான சட்டத்தில் எடுக்கப்பட்டவை. உங்கள் ரி.வி அதை இழுத்து அகலமாக்கினால் எல்லோர் முகமும் ஊதித் தெரியும். படத்தில் வரும் மணிக்கூடோ வண்டிச் சில்லோ வட்டமாக இருக்கிறதா என்று பாருங்கள். முட்டை வடிவில் தெரிந்தால் ரி.வியின் பட அளவை ‘ஒரிஜினல்’ அல்லது ‘4:3’ என்று மாற்றுங்கள். இரு பக்கமும் கறுப்புப் பட்டை வரும். அது அப்படித்தான் இருக்க வேண்டும்.

அசைவு: புது ரி.விகள் இரண்டு சட்டகங்களுக்கு நடுவே தாமாக ஒன்றை உருவாக்கிச் செருகும். கிரிக்கெட்டுக்கு அது நல்லது, படத்துக்கு நஞ்சு. நல்ல ஒளிப்பதிவும் தொலைக்காட்சி நாடகம் போலத் தெரியும். சாம்சங்கில் ‘பிக்சர் கிளாரிட்டி’, எல்ஜியில் ‘ட்ரூமோஷன்’, சோனியில் ‘மோஷன்ஃப்ளோ’ என்று பெயர் இருக்கும். நிறுத்திவிடுங்கள்.

உபதலைப்பு: சிங்களப் படத்துக்கு இயந்திரம் தானாக எழுதும் உபதலைப்பை நம்பாதீர்கள். பேச்சுவழக்குச் சிங்களத்தில் அது அடிக்கடி தவறும். படக்குழுவே கொடுத்த ஆங்கில உபதலைப்பு உள்ள பிரதியைத் தேடுங்கள். புறக்கோட்டையில் கேட்டுப் பழகிய சிங்களம் இருந்தாலும் கிராமத்துப் பேச்சுக்கு உபதலைப்பு தேவைப்படும்.

கொழும்பில் அலியான்ஸ் பிரான்சேஸ் (பிரெஞ்சுக் கலாசார நிலையம்), கோத்தே நிறுவனம் (ஜெர்மன் கலாசார நிலையம்) போன்ற இடங்களில் அவ்வப்போது திரையிடல்கள் நடக்கும். உங்கள் பட்டியலில் உள்ள படம் அங்கே வந்தால் வீட்டில் பார்ப்பதை விட்டுவிட்டு அங்கே போங்கள்.

படி 5: பார்க்கும்போது குறிப்பு

நேரம், இரண்டு மூன்று சொற்கள். அவ்வளவுதான். ‘0.42 – படிக்கட்டு – பேச்சில்லை.’ ஒரு படத்துக்கு எட்டிலிருந்து பன்னிரண்டு குறிப்புகள் போதும். இருபதைத் தாண்டினால் நீங்கள் படம் பார்க்கவில்லை, எழுதிக்கொண்டிருக்கிறீர்கள். முழு வசனம் எழுதவேண்டாம், படத்தை நிறுத்தி நிறுத்தி எழுதவும் வேண்டாம். காட்சியின் வேகம் உடைந்தால் பிறகு ‘படம் மெதுவாகப் போகிறது’ என்று எழுதுவீர்கள்.

படி 6: கருத்தை எழுதுதல்

படம் பார்த்து ஒரு நாளுக்குள், யாருடைய விமர்சனத்தையும் வாசிக்க முன் எழுதுங்கள். ஐம்பதிலிருந்து எண்பது சொற்கள். அதற்குள் நான்கு விடயங்கள் வரவேண்டும்: கதையின் தொடக்கம் ஒரு வரியில், ஒரு காட்சி, ஒரு குறை, யார் பார்க்கலாம். கவனிக்கப்படாத ஐந்துக்கு ஐந்தாவதாக ஒன்று: யார் இதைக் கவனிக்கவில்லை.

‘நடிப்பு அருமை, ஒளிப்பதிவு கண்ணுக்கு விருந்து, பின்னணி இசை படத்துக்குப் பலம்.’ இந்த வரியில் எந்தப் படத்தின் பெயரையும் போடலாம். அதனால் இது கருத்து இல்லை. எழுதிய ஒவ்வொரு வசனத்திலும் வேறொரு படத்தின் பெயரைப் போட்டுப் பாருங்கள்; பொருந்தினால் வெட்டுங்கள்.

பாலு மகேந்திராவின் ‘வீடு’ பற்றி எழுதினால் இப்படி வரலாம்:

“அலுவலகத்தில் வேலை செய்யும் பெண்ணொருத்தி தன் குடும்பத்துக்கு ஒரு வீடு கட்டத் தொடங்குகிறாள். பாதி எழும்பிய வீட்டைப் பார்க்கத் தாத்தா தனியாக வருகிறார். சொக்கலிங்க பாகவதர் அந்த வெறும் சுவர்களுக்கு நடுவே மெல்ல நடப்பதில் ஒரு மனிதரின் முழு ஆசையும் தெரிகிறது. பாட்டே இல்லாத படத்தில் இளையராஜாவின் இசை அந்த இடத்தில் வந்து சேர்கிறது. தங்கையின் பாத்திரம் மட்டும் ஓரமாகவே நின்றுவிடுகிறது. வீடு கட்டத் தொடங்கி சீமெந்து விலையால் இடையில் நிறுத்தியவர்கள் பார்க்க வேண்டிய படம். அர்ச்சனாவுக்கு தேசிய விருது கிடைத்தது. ஆனால் மட்டக்களப்பில் பிறந்த இந்த இயக்குநரைப் பற்றிப் பெருமையாகக் கதைக்கும் நம்மவர் பலர் ‘மூன்றாம் பிறை’யோடு நின்றுவிடுகிறார்கள்.”

கவனியுங்கள்: முடிவு சொல்லப்படவில்லை. கதையின் முடிவைக் காட்டிக்கொடுக்கும் எதையும் வெளியே விடாதீர்கள். ‘புரஹந்த களுவர’வின் கடைசிப் பகுதியை முன்கூட்டியே சொல்லிவிட்டால், பார்க்கப்போகிறவரிடமிருந்து அந்தப் படத்தையே பறித்ததாகும்.

குறை எழுதப் பலருக்கு மனம் வருவதில்லை. எழுதியே ஆகவேண்டும். குறையே இல்லாத புகழ்ச்சியை வாசிப்பவர் நம்பமாட்டார். அந்தப் படம் மறுபடியும் பார்க்கப்படாமலே போகும்.

படி 7: மற்றவர்களுக்கு அனுப்புதல்

பதினைந்தையும் ஒரே நாளில் குடும்ப வட்ஸ்அப் குழுவில் போட்டால் ஒருவரும் வாசிக்கமாட்டார்கள். வெள்ளிக்கிழமை பின்னேரம் ஒரு படம் மட்டும் அனுப்புங்கள். உங்கள் கருத்துக்கு மேலே முதல் வரியில் பெயர், ஆண்டு, மொழி, நீளம். இரண்டாவது வரியில் எங்கே பார்க்கலாம். ‘எங்கே பார்க்கலாம்’ இல்லாத பரிந்துரை பயனற்றது. இணைப்பு இன்றும் வேலை செய்கிறதா என்று அனுப்பும் அன்றே திறந்து பாருங்கள்; பழைய படங்களின் யூரியூப் பிரதிகள் அறிவிப்பில்லாமல் மறைந்துவிடும்.

கவனிக்கப்படாத ஐந்தில் குறுகிய படத்தை முதலில் அனுப்புவது நல்லது. ‘கூழாங்கல்’ போல ஒன்றேகால் மணி நேரப் படத்துக்கு ஆட்கள் சம்மதிப்பார்கள். இரண்டரை மணி நேரக் கறுப்பு வெள்ளைப் படத்தோடு தொடங்கினால் அடுத்த வெள்ளிக்கிழமைச் செய்தியைத் திறக்கவே மாட்டார்கள்.

யாராவது “பார்த்தேன், பிடிக்கவில்லை” என்றால் வாதாட வேண்டாம். எந்த இடத்தில் விட்டுப்போனது என்று மட்டும் கேட்டு, அந்த நேரத்தைக் கொப்பியில் உங்கள் குறிப்புகளுக்குப் பக்கத்தில் எழுதுங்கள். மூன்று பேர் ஒரே இடத்தைச் சொன்னால் அந்தப் பகுதியை மறுபடி பாருங்கள்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை பட்டியலைத் திருத்துங்கள். பரவலாகப் பேசப்படத் தொடங்கிய படத்தைக் கவனிக்கப்படாத ஐந்திலிருந்து எடுத்துவிட்டு, தேட வேண்டியவற்றில் கிடைத்த ஒன்றைச் சேருங்கள். எடுக்கும் பெயரை முழுதாக அழிக்காமல் ஒரு கோடு மட்டும் கிழித்து, பக்கத்தில் திகதியையும் காரணத்தையும் எழுதுங்கள்.