திரும்பி வரும் வால்நட்சத்திரம்: பார்ப்பவர்களும் படிப்பவர்களும் செய்யும் தவறுகள்

வால்நட்சத்திரம் திரும்புகிறது என்ற செய்தியோடு, அது எவ்வளவு பிரகாசம் என்று சொல்லும் பொலிவெண் ஒன்றும் வரும். அதை நட்சத்திரத்தின் பொலிவெண்போல வாசிப்பதுதான் மிகப் பரவலான தவறு. நட்சத்திரத்தின் ஒளி ஒரே புள்ளியில் குவிந்திருக்கும். வால்நட்சத்திரத்துக்குத் தரப்படும் எண்ணோ, பஞ்சுபோன்ற அதன் தலைப்பகுதி முழுக்கப் பரவிய ஒளியின் கூட்டுத்தொகை. பொலிவெண் 5, தலையின் குறுக்களவு 30 வில்நிமிடம் (முழுநிலவின் அளவு) என்று வைத்துக்கொள்வோம். ஒளி சீராகப் பரவியிருந்தால் ஒரு சதுர வில்நொடிக்கு (வில்நொடி என்பது வில்நிமிடத்தில் அறுபதில் ஒரு பங்கு) அதன் பொலிவெண் ஏறக்குறைய 21. நல்ல இருண்ட வானமே சுமார் 21.5, நகர வானம் 18 அளவில் இருக்கும். எண் குறையக் குறைய வெளிச்சம் கூடும் என்பதால், நகரத்துப் பின்னணி வானம் அந்த வால்நட்சத்திரத்தைவிடச் சுமார் 16 மடங்கு பிரகாசம்! 2018 டிசம்பரில் 46பி/விர்ட்டனென் என்ற வால்நட்சத்திரம் பூமிக்கு 1.16 கோடி கிலோமீட்டர் தொலைவில் கடந்தபோது இதுதான் நடந்தது. பொலிவெண் 4-ஐ ஒட்டி இருந்தும், மங்கிப் பரந்த தலையை நகர வானில் பிடிப்பது கடினமாகவே இருந்தது.

ஆகவே பொலிவெண்ணை மட்டும் பார்க்காதீர்கள். தலையின் குறுக்களவையும், ஒளி நடுவில் எவ்வளவு திரண்டிருக்கிறது என்பதைச் சொல்லும் செறிவு எண்ணையும் (0 முதல் 9 வரை) சேர்த்துப் பாருங்கள். செறிவு 2 என்றால் இருண்ட இடத்துக்குப் போகாமல் பயனில்லை. செறிவு 7 என்றால் சுமாரான வானத்திலும் கிடைக்கும்.

நீங்களே பொலிவெண்ணை மதிப்பிடுவதாக இருந்தால், கூர்மையாகத் தெரியும் நட்சத்திரத்தைப் பஞ்சுபோல் பரந்த தலையோடு நேரடியாக ஒப்பிடக் கூடாது. வால்நட்சத்திரம் மங்கலாகவே கணக்காகும். முதலில் அதைக் குவியத்தில் வைத்து அளவையும் ஒளியையும் மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். பிறகு பொலிவெண் தெரிந்த நட்சத்திரங்களை, அதே அளவு பரவும்வரை குவியம் விலக்கி ஒப்பிடுங்கள். அவற்றில் ஒன்று வால்நட்சத்திரத்தைவிடச் சற்றுப் பிரகாசமாகவும் ஒன்று சற்று மங்கலாகவும் இருக்கட்டும்.

கருவி விஷயத்தில், உருப்பெருக்கத்தைக் கூட்டினால் நன்றாகத் தெரியும் என்ற நம்பிக்கை இங்கே எதிர்மாறாக வேலை செய்கிறது. பெருக்கம் கூடும்போது பரந்த ஒளி மேலும் மங்கும். 7×50 அல்லது 10×50 பைனாகுலர் போதும். தொலைநோக்கி என்றால் கண்லென்சிலிருந்து வெளிவரும் ஒளிக்கற்றை 5 மில்லிமீட்டர் அளவில் இருக்கட்டும். 200 மில்லிமீட்டர் ஆடிக்கு அது 40 மடங்குப் பெருக்கம். கண் இருளுக்குப் பழக 20 முதல் 30 நிமிடம் கொடுங்கள். ஒருமுறை செல்போன் திரையைப் பார்த்தால் அந்தக் காத்திருப்பு வீண். சூரியனை நெருங்கிய வால்நட்சத்திரத்தை விடியற்காலையில் தேடுபவர்கள், சூரியன் எழும் நேரத்துக்கு முன்பே பைனாகுலரைக் கீழே வைத்துவிட வேண்டும். கண்ணாடி வழியே ஒரு கணம் சூரியன் பட்டாலும் பார்வை போகலாம்.

வால் போகும் பாதைக்குப் பின்னால்தான் நீளும் என்று எண்ணித் தேடுவதும் தவறு. வால் சூரியனுக்கு எதிர்ப்பக்கம் நீளும். சூரியனைச் சுற்றித் திரும்பிய பிறகு வால் முன்னால் போகும்.

செல்போன் செயலி காட்டும் இடத்தில் ஒன்றும் இல்லையா? பெரும்பாலும் பழைய சுற்றுப்பாதைத் தரவுதான் காரணம். சூடேறிய பனி வாயுவாகப் பீறிடும்போது, தலைக்குள் இருக்கும் திடமான உட்கருவைச் சற்றே தள்ளிவிடுகிறது. ஹாலி வால்நட்சத்திரம் ஒவ்வொரு சுற்றிலும் ஈர்ப்புவிசைக் கணக்கைவிட ஏறக்குறைய 4 நாள் தாமதமாக வருவது இதனால்தான். எனவே தரவைப் புதுப்பியுங்கள். அட்டவணையின் நேரம் உலகப் பொது நேரமா உள்ளூர் நேரமா என்பதையும் பாருங்கள். நாளுக்கு 1 பாகை நகரும் வால்நட்சத்திரம் நிமிடத்துக்கு 2.5 வில்நொடி இடம் மாறும். எடுத்த பல புகைப்படங்களை நட்சத்திரங்கள் பொருந்தும்படி ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினால் தலை கோடாக இழுபடும். தலையை வைத்து ஒருமுறை, நட்சத்திரங்களை வைத்து ஒருமுறை அடுக்க வேண்டும்.

போன வருகையைப்போலவே இந்த வருகையும் இருக்கும் என்பது மிகப் பெரிய ஏமாற்றத்தைத் தரும் எண்ணம். 1910-இல் கண்ணைப் பறித்த ஹாலி, 1986 பிப்ரவரி 9 அன்று சூரியனை நெருங்கியபோது பூமியிலிருந்து பார்த்தால் சூரியனுக்கு மறுபுறம் இருந்தது. அதே உட்கரு, வேறு கோணம். அடுத்து அது சூரியனை நெருங்குவது 2061 ஜூலை 28. அப்போது பூமி இருக்கும் அதே பக்கத்தில் இருக்கும்.

விண்கலங்களைப் பற்றிப் படிக்கும்போதும் வழுக்கும் இடங்கள் உண்டு. உட்கருவின் படங்களில் தெரியும் சாம்பல் வெளிச்சத்தை நம்ப வேண்டாம். அவை தெளிவுக்காகப் பிரகாசமாக்கப்பட்டவை. ஹாலியின் உட்கரு தன்மேல் படும் ஒளியில் 4 சதவீதத்தையே திருப்பி அனுப்புகிறது. ஹாலியை நெருங்கிய ஐரோப்பிய விண்கலம் ஜோட்டோ தனியாகச் சாதித்தது என்பதும் பாதி உண்மைதான். தூசுக்குள் மறைந்த உட்கருவின் இடம் பூமியிலிருந்து துல்லியமாகத் தெரியவில்லை. 1986 மார்ச் 6, 9 தேதிகளில் கடந்த சோவியத் வேகா கலங்கள் தந்த அளவீடுகளால்தான் ஜோட்டோ 596 கிலோமீட்டர் வரை நெருங்கியது. விநாடிக்கு 68 கிலோமீட்டர் வேகத்தில் மோதிய தூசு அதன் கேமராவைப் பாழாக்கியது.

ரோசெட்டா விண்கலம் 67பி என்ற வால்நட்சத்திரத்தில் இறக்கிய ஃபிலே தோற்றுப்போனது என்று இன்னும் எழுதுகிறார்கள். 2014 நவம்பர் 12 அன்று நங்கூர ஈட்டிகள் பாயாததால் அது 67பி மீது துள்ளி நிழலில் ஒதுங்கியது உண்மை. ஆனாலும் மின்கலம் தீரும்வரை ஏறக்குறைய 60 மணி நேரம் தரவு அனுப்பியது.

டெம்பெல் 1 என்ற வால்நட்சத்திரத்தின் மீது 2005 ஜூலை 4 அன்று 370 கிலோ மோதுகலம் பாய்ந்ததை, வால்நட்சத்திரத்தைத் திசைதிருப்பும் முயற்சி என்று சிலர் சொல்கிறார்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று பார்ப்பதே நோக்கம். மோதலில் எழுந்த தூசியில், உண்டான பள்ளம் தெரியவில்லை. வால்நட்சத்திரம் ஒரு சுற்று முடித்து வந்தபின், 2011 பிப்ரவரி 14 அன்று ஸ்டார்டஸ்ட் கலம் அந்தப் பள்ளத்தைப் படமெடுத்தது. குறுக்களவு சுமார் 150 மீட்டர். இடைப்பட்ட சூரிய நெருக்கத்தில் மேற்பரப்பு எங்கே தேய்ந்தது என்பதும் அந்தப் படங்களில் பதிவானது.

ஒரே வால்நட்சத்திரத்தின் அளவீட்டை எல்லாவற்றுக்கும் பொருத்துவது கடைசித் தவறு. 67பி நீரில் கன ஹைட்ரஜனின் (சாதாரண ஹைட்ரஜனைவிடக் கனமான வகை) விகிதம் பூமியின் கடல்நீரைவிட 3 மடங்குக்கும் மேல் என்று ரோசெட்டா அளந்தது. 103பி/ஹார்ட்லி 2-இன் நீரிலோ ஹெர்ஷல் விண்வெளித் தொலைநோக்கி கண்ட விகிதம் கடல்நீரை ஒத்திருந்தது. "நம் கடல் வால்நட்சத்திரங்களிலிருந்து வந்தது", "வரவில்லை" என்று எந்தத் தலைப்பு கண்ணில் பட்டாலும், எந்த வால்நட்சத்திரத்தில் அளந்தது என்று முதலில் பாருங்கள்.