ஒற்றைத் தலைவலி: வலிக்கு முன்பே அடையாளம் காணும் முறை

நெற்றிப்பொட்டு தெறிக்க ஆரம்பிக்கும்போது ஒற்றைத் தலைவலி பாதி வழி வந்திருக்கும். பல மணி நேரம் முன்பே, சிலருக்கு இரண்டு நாள் முன்பே, அது தொடங்கிவிடுகிறது.

படி 1: முன்னறிகுறி

தினசரி காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கம் போதும். வலி வந்த மணியை எழுதுங்கள். முந்தைய நாள் எப்படி இருந்தது என்று யோசித்து அதையும் எழுதுங்கள்: அடுத்தடுத்துக் கொட்டாவி, பிடரி இறுக்கம், சள்ளென்று எரிச்சல், அடிக்கடி சிறுநீர், திடீர் இனிப்பு ஆசை. நான்கைந்து தாள் சேர்ந்தால் உங்களுக்கென்று ஒரு வரிசை தெரியும். சாக்லேட் தின்றதால்தான் தலைவலி என்று பலர் சொல்வார்கள். பெரும்பாலும் தலைவலி கிளம்பிவிட்டதால்தான் நாக்கு சாக்லேட்டைக் கேட்டிருக்கும். மாசி மகத்தன்று தேவனாம்பட்டினம் கடற்கரையில் வெறும் வயிற்றோடு வெயிலில் நின்றது வேறு கணக்கு. பட்டினி, கண்கூசும் வெயில், தூக்கக்கேடு மூன்றும் தூண்டிவிடுபவை, அவற்றையும் குறியுங்கள்.

படி 2: ஆரா

வலிக்குச் சற்று முன் பார்வையிலும் தொடு உணர்விலும் வந்து போகும் தடுமாற்றம்தான் ஆரா. எல்லோருக்கும் வராது. ரம்பப் பல் போல மினுங்கும் கோடு நெளியும், படிக்கும் வரியில் நடு எழுத்து மறையும். ஒரு கண்ணை மூடிப் பாருங்கள், பிறகு மற்றதை. இரண்டிலும் தெரிந்தால் ஆராவாக இருக்கலாம். ஒரு கண்ணில் மட்டும் என்றால் அன்றே கண் மருத்துவரிடம் போங்கள். மரமரப்பு விரலில் தொடங்கி மெல்ல ஏறி உதடு வரை வரும். 5 முதல் 60 நிமிடத்தில் அடங்கும். பக்கவாதத்தில் பெரும்பாலும் எல்லாம் ஒரே நொடியில் வரும். முதல் தடவையாக இப்படி வந்தால் யூகிக்க வேண்டாம், 108-ஐ அழையுங்கள். ஆரா வரும் பெண்கள், ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரைக்கு முன் அதை மருத்துவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும்.

படி 3: வலி

மருந்தில்லாமல் விட்டால் 4 முதல் 72 மணி நேரம். மாடிப்படி ஏறினால் கூடும், குமட்டும், மிக்ஸி சத்தமும் டியூப்லைட்டும் தாங்காது. பெயர்தான் ஒற்றை, இரு பக்கமும் வரும். மருத்துவர் எழுதித் தந்த மாத்திரையை வலி லேசாக இருக்கும்போதே போடுங்கள். தாமதித்தால் இரைப்பை மந்தமாகி மாத்திரை சரியாகச் சேராது. ஆனால் மாதத்தில் 15 நாள் சாதாரண வலி மாத்திரை, அல்லது 10 நாள் டிரிப்டான் (ஒற்றைத் தலைவலிக்கென்றே உள்ள மருந்து வகை) என்று போனால் மாத்திரையே தலைவலியைக் கொண்டுவரும். போட்ட மாத்திரையையும் தாளில் எழுதுங்கள்.

படி 4: ஓய்ந்த பின்

ஓரிரு நாள் அசதி, மந்தம். இதுவும் தாக்குதலின் பகுதியே.

இடி விழுந்ததுபோல் நொடியில் உச்சம் தொடும் வலி, காய்ச்சலோடு வளையாத கழுத்து, கை கால் பலவீனம், குழறும் பேச்சு என்றால் உடனே அவசரப் பிரிவு. 50 வயதுக்குப் பிறகு முதன்முறை வரும் தலைவலியையும் தள்ளிப்போடாதீர்கள். மற்றபடி ஜிப்மர் ஓ.பி.க்கோ கடலூர் அரசு மருத்துவமனைக்கோ போகும்போது, காலண்டர் தாள்களைத் தேதி வரிசையில் பின் அடித்து எடுத்துச் செல்லுங்கள்.