பணக்காரர் வரியில் நலத்திட்டங்கள்: கணக்குப் போடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெரும் பணக்காரர்களிடம் வரி வாங்கி நலத்திட்டங்களுக்குச் செலவிடலாமா? தாராளமாகச் செய்யலாம், செய்யவும் வேண்டும். ஆனால் கணக்கு பிசகினால் வரி சில ஆண்டுகளில் வாபஸ் ஆகும், அதை நம்பித் தொடங்கிய உதவித்தொகையும் நின்றுபோகும்.

அதிகம் நடக்கும் தவறு, வருமானத்தையும் செல்வத்தையும் ஒன்றாக நினைப்பது. பெரும் பணக்காரரின் செல்வம் பெரும்பாலும் பங்குகளாக இருக்கிறது. விற்காதவரை மதிப்பு எவ்வளவு ஏறினாலும் அது வருமானக் கணக்கில் வராது. செலவுக்குப் பணம் வேண்டுமென்றால் பங்கை அடகு வைத்துக் கடன் வாங்கலாம். கடனுக்கு வருமான வரி கிடையாது. அமெரிக்காவில் உரிமையாளர் இறந்தால், இறந்த நாளின் விலையே வாரிசு வாங்கிய விலையாகக் கொள்ளப்படுகிறது. அதுவரை ஏறிய மதிப்புக்கு யாருமே வருமான வரி கட்டுவதில்லை. இந்த ஓட்டையை அடைக்காமல் உச்ச வருமான வரி விகிதத்தை மட்டும் உயர்த்தினால், மாட்டுவது நல்ல சம்பளம் வாங்கும் மருத்துவரும் பொறியாளரும்தான்.

இதற்கு நேர் எதிர்த் தவறு, செல்வத்தின் மீதே போடும் செல்வ வரியை 'ஆண்டுக்கு 2 சதவீதம்தானே' என்று நினைப்பது. சொத்து ஆண்டுக்கு 5 சதவீதம் ஈட்டினால், அந்த 2 சதவீதம் ஈட்டியதில் 40 சதவீதம். அதோடு 30 சதவீத வருமான வரியும் இருந்தால் மொத்தம் 70 சதவீதம். சொத்து 10 சதவீதம் ஈட்டினால் செல்வ வரியின் பங்கு 20 சதவீதமாகக் குறைந்துவிடும். அதாவது அதிகம் சம்பாதிப்பவருக்குச் சுமை குறைவு, குறைவாகச் சம்பாதிப்பவருக்கு அதிகம். விகிதத்தை முடிவு செய்யும் முன் இந்தக் கணக்கைப் போட்டே ஆக வேண்டும்.

அடுத்தது வெறும் பெருக்கல். மொத்தச் செல்வத்தை விகிதத்தால் பெருக்கி வருவதை அப்படியே வருவாயாக எழுதிவிடுகிறார்கள். வரி வந்ததும் பணம் வரி இல்லாத இடத்துக்கு நகரும் என்பதை மறந்துவிடுகிறார்கள். இந்தியாவின் செல்வ வரி வீடு, நகை, கார், நகர்ப்புற நிலம் போன்றவற்றைப் பிடித்தது, பங்குகளை விட்டுவிட்டது. 2013-14-ல் கிடைத்தது 1,008 கோடி ரூபாய்தான். 2015 பட்ஜெட்டில் அந்த வரியையே எடுத்துவிட்டு, ஒரு கோடிக்கு மேல் வருமானம் உள்ளவர்களுக்குக் கூடுதலாக 2 சதவீத சர்சார்ஜ் (வரியின் மேல் போடும் வரி) போட்டார்கள். பெரும்பாலும் வளர்ந்த நாடுகளைக் கொண்ட ஓஇசிடி அமைப்பில் செல்வ வரி வைத்திருந்த நாடுகள் 1990-ல் 12, 2017-ல் 4. அந்த வரி நிலைத்த நாடுகளில் ஒன்றான சுவிட்சர்லாந்தில் விகிதம் குறைவு, வரிக்கு உட்படும் சொத்துகள் அதிகம். விலக்கு ஒவ்வொன்றும் வருவாயை அரிக்கும். விகிதத்தைவிட விலக்குப் பட்டியலைத்தான் முதலில் படிக்க வேண்டும்.

அதற்காக, 'வரி போட்டால் எல்லோரும் ஓடிவிடுவார்கள்' என்பதும் சரியல்ல. 2017 முதல் நாடுகள் வங்கிக் கணக்கு விவரங்களைத் தாமாகவே பரிமாறிக்கொள்ளத் தொடங்கிவிட்டன. குடியுரிமையைக் கைவிடும் பெரும் பணக்காரரிடம் அமெரிக்கா வெளியேறும் வரி வாங்குகிறது.

அடுக்கு வரியிலும் பலர் தடுமாறுகிறார்கள். 10 லட்சம் வரை 10 சதவீதம், அதற்கு மேல் 30 சதவீதம் என்றால், 12 லட்சத்துக்கு வரி 1.6 லட்சம், 3.6 லட்சம் அல்ல.

வருவாய் ஆண்டுதோறும் ஒரே சீராக வரும் என்று நம்புவது ஆபத்து. அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலம் பெரும் பணக்காரர்களின் வருமான வரியையும், பங்கு போன்ற சொத்தை விற்ற லாபத்துக்கான மூலதன ஆதாய வரியையும் பெரிதும் நம்பியிருக்கிறது. 2022 மே மாதம் ஏறக்குறைய 10,000 கோடி டாலர் உபரி என்று அறிவித்தது. பங்குச்சந்தை சரிந்தபின், 2023 ஜனவரியில் 2,250 கோடி டாலர் பற்றாக்குறை என்றது. மாதந்தோறும் தர வேண்டிய உதவித்தொகையை இப்படி ஏறி இறங்கும் வருவாயோடு நேரடியாகக் கட்டக் கூடாது. நல்ல ஆண்டில் வரும் மிகுதியை இருப்பு நிதியில் போட்டு, பல ஆண்டுச் சராசரியை வைத்தே திட்டத்தின் அளவை முடிவு செய்ய வேண்டும்.

'டென்மார்க், சுவீடன் போன்ற நார்டிக் நாடுகள் பணக்காரர்களிடம் வாங்கித்தான் எல்லாம் தருகின்றன' என்பதும் தவறான படம். டென்மார்க்கில் பொருள் வாங்கும் எல்லோரும் கட்டும் மதிப்புக் கூட்டு வரி, உணவுக்கும் சேர்த்து, 25 சதவீதம். சுவீடன் வாரிசு வரியை 2004-லும் செல்வ வரியை 2007-லும் நீக்கியது. அங்கே எல்லோரும் கட்டுகிறார்கள், எல்லோரும் பெறுகிறார்கள். அனைவருக்குமான மருத்துவம், ஓய்வூதியம் போன்ற பெரிய செலவைப் பணக்காரர் வரி மட்டும் தாங்காது. அதில் ஒரு நல்ல பங்கைத் தாங்கும். ஆகவே வரியை மட்டும் பார்த்து ஏழைக்குச் சுமை என்றோ சலுகை என்றோ தீர்ப்புச் சொல்லாமல், அவர் கட்டுவதையும் பெறுவதையும் சேர்த்துக் கழித்துப் பார்க்க வேண்டும்.

கொடுக்கும் பக்கத்திலும் ஒரு பள்ளம் உண்டு. மாத வருமானம் 20,000-க்குள் இருந்தால் 3,000 உதவி, தாண்டினால் எதுவுமில்லை என்று விதி வைத்தால், 500 கூடுதலாகச் சம்பாதித்தவர் 2,500 இழக்கிறார். வேலை நேரத்தைக் கூட்ட அவர் தயங்குவது நியாயமே. வரம்புக்கு மேல் சம்பாதிக்கும் ஒவ்வொரு 100-க்கும் உதவியில் 25 குறையும்படி வைத்தால் அது 32,000-ல்தான் முழுவதும் நிற்கும். செலவு கூடும், அந்தக் கூடுதலையும் தொடக்கத்திலேயே வரிக் கணக்கில் சேர்த்துவிட வேண்டும்.