மலக்குடல் நியூரோஎண்டோகிரைன் கட்டி: படங்களை எந்த வரிசையில் பார்ப்பது?

ஹார்மோன் சுரக்கும் வகைச் செல்களிலிருந்து மலக்குடலில் வளரும் இந்தக் கட்டிகளில் பெரும்பாலானவை வேறு எதற்கோ செய்யும் கொலனோஸ்கோப்பியில் தற்செயலாகக் கண்ணில் படுபவை. புதிதாகப் படம் பார்க்கப் பழகுபவர்களுக்குக் கை நேராக, கதிரியக்க மருந்து செலுத்தி எடுக்கும் பெட் ஸ்கேனுக்குத்தான் போகும். அவசரப்படாதீர்கள். முதலில் ஆழம், அடுத்து அளவு, அப்புறம்தான் பரவல்.

1. கொலனோஸ்கோப்பி படம்

வழவழப்பாக, லேசாக மஞ்சளோடிய சிறு மேடு தெரியும். நடுவில் குழியோ புண்ணோ இருந்தால் கூடுதல் கவனம் தேவை. கட்டி சளிச்சவ்வுக்கு அடியில் இறங்கி வளர்வதால், சாதாரண பாலிப் என்று நினைத்து வெட்டினால் அடிப்பகுதி உள்ளேயே தங்கிவிடலாம். சந்தேகம் வந்தால் வெட்டுமுன் ஆழத்தை அளப்பதே நல்லது.

2. எண்டோஸ்கோப்பிக் அல்ட்ராசவுண்ட்

குழாய் நுனியிலுள்ள ஒலியலைக் கருவியால் எடுக்கும் படம் இது. நேரம் செலவழிக்க வேண்டிய இடம் இதுதான். குடற்சுவரை உள்ளிருந்து எண்ணுங்கள்: வெள்ளை, கருப்பு, வெள்ளை, கருப்பு, வெள்ளை. மூன்றாவது அடுக்கான வெள்ளை சளிச்சவ்வின் அடியடுக்கு, நான்காவது அடுக்கான கருப்பு தசை. கட்டி பொதுவாக இரண்டாம், மூன்றாம் அடுக்குகளில், விளிம்பு தெளிவான கருமையான உருண்டையாக இருக்கும். அதன் அடியில் மெல்லிய வெள்ளைக் கோடு அறுபடாமல் ஓடினால் தசை தப்பியது. கோடு அறுந்தது போலிருந்தால் உடனே முடிவு கட்டாதீர்கள். சாய்வாக எடுத்த படமும், கருவி நுனியிலுள்ள பலூனின் அழுத்தமும் அப்படி ஏமாற்றும். கோணத்தை மாற்றி மறுபடி பாருங்கள்.

3. அளவு

1 செ.மீ.க்குள், தசையைத் தொடாத, தரம் 1 (மெதுவாக வளரும் வகை) கட்டி பரவுவது மிக அரிது. அதற்கு எல்லா ஸ்கேனும் எடுத்து நோயாளியை அலைக்கழிக்கத் தேவையில்லை. 2 செ.மீ. தாண்டினால் பரவும் ஆபத்து அதிகம், முழுப் பரிசோதனை வேண்டும். இடைப்பட்டவற்றில் இடுப்புப் பகுதி எம்.ஆர்.ஐ. கைகொடுக்கும்.

4. எம்.ஆர்.ஐ., சி.டி.

எம்.ஆர்.ஐ.யில் மலக்குடலைச் சுற்றிய கொழுப்பில் நிணநீர் முடிச்சுகளைத் தேடுங்கள். அளவை மட்டும் நம்பாமல், விளிம்பு ஒழுங்கற்றதா, உள்ளே சீரற்றதா என்றும் பாருங்கள். சி.டி.யில் கல்லீரல் முக்கியம். பரவிய கட்டி தமனிக் கட்டத்தில் (ஊசியில் செலுத்திய சாய மருந்து தமனிகளில் ஓடும் நேரத்தில்) பளிச்சென்று தெரிந்து, அடுத்த கட்டத்தில் கல்லீரலோடு கலந்து மறைந்துவிடலாம்.

5. பெட் ஸ்கேன்

காலியம்-68 டோட்டாடேட் மருந்து, கட்டியின் சோமடோஸ்டாடின் ஏற்பிகளில் (அந்த ஹார்மோன் வந்து பற்றும் இடங்களில்) ஒட்டிக்கொள்ளும். மண்ணீரல், சிறுநீரகம், அட்ரீனல், பிட்யூட்டரி ஆகியவை இயல்பாகவே ஒளிரும். கணையத் தலைப்பகுதியும் சில நேரம் ஒளிரும். அவற்றைப் பரவல் என்று எழுதிவிடாதீர்கள். தரம் கூடிய கட்டிகளில் ஏற்பிகள் குறைவதால், அங்கே சர்க்கரை போன்ற மருந்தைக் கொண்டு எடுக்கும் எஃப்.டி.ஜி. பெட் உதவும். எனவே படத்தைத் திறக்குமுன் பயாப்ஸி ரிப்போர்ட்டில் கே.ஐ.-67 (செல்கள் பெருகும் வேகத்தைக் காட்டி, தரத்தைச் சொல்லும் அளவு) எவ்வளவு என்று பார்த்துவிடுங்கள்.